ஆடி மாதத்துக்கு வேறு முகவரி

பாஸ்போர்ட்டைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அந்த பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களிடமே நிரூபிக்க வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தில், ஒரு குளிர்காலம் முழுக்க நான் பார்த்த வேலை அதுதான். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதித்ததெல்லாம் இடையிடையே.

நான் ஈரோட்டுக்காரி. ஆய்வகப் படிப்பை வைத்துப் குடியேற்றத்துக்கான புள்ளிக் கணக்கில் தேறி, கல்யாணத்துக்கு முன்பே தனியாளாக இந்த ஊருக்கு வந்தவள். நான் நிரந்தரவாசி என்று சொல்லும் பி.ஆர். ஸ்டிக்கர் என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. பிறகு ஒரு வைகாசியில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அவரை விசிட்டர் விசாவில் கையோடு கூட்டிவந்தேன். எங்கள் பக்கம் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். இங்கே மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏவன்டேலில் இருந்த என் வாடகை வீட்டுக்கு வந்தார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவருடைய சொந்தக்காரர்களுக்குத்தான்.

வந்ததும் அவருக்கு பி.ஆர். கேட்டு விண்ணப்பம் போட்டோம். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அசலாகவே உள்ளே போய்விட்டது. அவருடைய விசா நவம்பரோடு முடிகிறது. அதற்குள் முடிவு வராவிட்டாலோ, முடிவு எங்களுக்கு எதிராக வந்தாலோ அவர் விமானம் ஏற வேண்டும். மறுபடி சென்னையிலிருந்து விண்ணப்பித்தால் ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ, யாருக்கும் தெரியாது. அதுவரை அவர் வேலைக்கும் போகக்கூடாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கையே கட்டி மேய்த்தவர், என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையில் என் வேலையை நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லி, பி.ஆர். ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஸ்டிக்கரின் ஜெராக்ஸ் மட்டும். ஜே.பி. கையெழுத்து வாங்கி வா என்றார்கள். ஜே.பி. என்பவர் நம் ஊரில் அட்டஸ்டேஷன் போடும் கெஜட்டட் ஆபீசர் மாதிரி. இங்கே சம்பளம் வாங்காமல் லைப்ரரியில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். பழுத்த வெள்ளைக்காரத் தாத்தா. என் ஜெராக்ஸை வாங்கி மூக்குக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, அசல் எங்கே என்றார். குடிவரவு அலுவலகத்தில் இருக்கிறது என்றேன். அசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். ஃபைல் வேறு பிரிவில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது, ஜே.பி. கையெழுத்துப் போட்ட நகல் இருந்தால் அதையே எல்லா இடத்திலும் காட்டலாமே என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கவுன்டரையே கடித்திருப்பேன். தேங்க்யூ என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் தேங்க்யூதான்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் ஆடி வந்தது.

ஆடி வரும் என்று எனக்கு நினைப்பே இல்லை. வெளியே விடாமல் மழை, படுக்கையறைச் சுவரில் பூஞ்சை, ஹீட்டரை அணைத்தால் விரல் மடங்காத குளிர். இதைப் போய் ஆடி என்று யார் நினைப்பார்கள்? அம்மா நினைத்தாள். போனில் கூப்பிட்டாள்.

"தலையாடி கண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கக்கூடாது. இங்க இருந்தா நானே வந்து கூட்டீட்டு வந்திருப்பேன்."

"அம்மா, இங்க அதெல்லாம் ஆரும் பாக்கறதில்ல."

"ஊரு மாறுனா மாசம் மாறீருமா? ஆடில ஒண்ணா இருந்தா சித்திரைல கொழந்த பொறக்கும். சித்திர வெயில் தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது. உனக்கு அம்மா மாதிரி அங்க ஒருத்தரும் இல்லியா?"

ஒருத்தர் இருந்தார். கிளென்ஃபீல்டில் ஓர் அக்கா. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், எங்கள் மருத்துவமனையில் வார்டு நர்ஸ். நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய புதிதில் எனக்குக் கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர். அவர் கிறிஸ்தவர், மெதடிஸ்ட். அவருக்கும் ஆடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதுதான் எனக்குத் தைரியம். சிரித்துத் தள்ளிவிடுவார் என்று நம்பி அவர் நம்பரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா என்ன பேசினாளோ, அன்று சாயங்காலமே அக்கா கார் எடுத்துக்கொண்டு ஏவன்டேலுக்கு வந்துவிட்டார்.

"பெட்டிய எடு மா. உங்கம்மா அழுறாங்க. நான் ஓகே சொல்லிட்டேன். ஓகே சொன்னா ஓகேதான் லா."

அவர் வீட்டு மாடி அறையில் என்னை வைத்தார். மாப்பிள்ளை தினமும் வரலாம், சாப்பிடலாம், ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது சட்டம். அவரும் இரண்டு பஸ் மாறி, பாலம் தாண்டி, நனைந்து வருவார். ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் பரிமாறுவேன். நடுவில் அக்கா உட்கார்ந்து டிவி பார்ப்பார், கடிகாரத்தையும் பார்ப்பார். மதத்தைத் தாண்டி ஒரு வாக்கைக் காப்பாற்றுகிறார் என்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார். சர்ச் முடிந்து டீ, டீ முடிந்து பேச்சு. ஞாயிறன்று ஏவன்டேல் மார்க்கெட்டில் விடியற்காலையில் காய் வாங்கிக்கொண்டு, அபூர்வமாக ஓடும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, கொத்தமல்லிக் கட்டு எட்டிப் பார்க்கும் பையோடு அவர் வந்து நிற்பார். வீட்டில் நான் மட்டும் இருப்பேன். இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

இதற்கிடையில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முடிவுக் கடிதம் என் பேருக்கு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்க நான் இல்லாமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு மாதத்துக்கு என் முகவரி கிளென்ஃபீல்ட், கணவர் முகவரி பழையபடி ஏவன்டேல் என்று பதியச் சொன்னேன். அந்தப் பெண் எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பதிந்துகொண்டாள். ஒழுங்கானவள் என்று ஃபைலில் எனக்கு நல்ல பேர் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆவணி பிறந்து நான் வீடு திரும்பிய பிறகு கடிதம் வந்தது. விண்ணப்பதாரரும் அவருக்குப் பொறுப்பேற்ற மனைவியும் தனித்தனி முகவரியில் வசிப்பதாகத் தெரிகிறது. இருவரும் நேரில் வர வேண்டும். நீங்கள் நிரந்தரவாசி என்பதற்கும், கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கும் ஆதாரம் கொண்டு வரவும். நான் அந்தக் கடிதத்தோடு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம்தான் எனக்குக் குமட்டல் ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஏப்ரல் கடைசி என்று தேதி கொடுத்திருந்தார். என் கணவர் திருப்பி அனுப்பப்பட்டால் குழந்தை பிறக்கும்போது இங்கே இருக்க மாட்டார். எனக்கு அது ஒன்றுதான் கவலை. மற்றதெல்லாம் வெறும் களைப்பு.

விசாரணைக்குப் போன அன்று முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி, பச்சைக் கார்டிகன் போட்டிருந்தார். மேஜையில், அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி, என் பாஸ்போர்ட் கிடந்தது. நிரந்தரவாசி என்பதற்கு ஆதாரம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். நான் அதைக் கைகாட்டினேன். ஓ, என்றார். புரட்டி ஸ்டிக்கரைப் பார்த்தார், தாளில் ஒரு டிக் போட்டார். மாதக்கணக்கில் அலைந்த வேலை அவ்வளவில் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை.

பிறகு கிளென்ஃபீல்டைப் பற்றிக் கேட்டார். ஆடியைச் சொன்னேன், சித்திரையைச் சொன்னேன். பிறக்கிற குழந்தை வெயிலில் கஷ்டப்படக்கூடாது என்பதற்காகவா என்று திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அந்த மாதம் முழுக்கப் பிரிந்தே இருந்தீர்களா என்றார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன், டாக்டர் கொடுத்த சீட்டையும் வைத்தேன். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல எனக்கு வெட்கமே வரவில்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அடுத்து என் கணவரை அழைத்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தடுமாறும் என்பதால் மொழிபெயர்க்க ஒருவரை வரவழைத்திருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்காரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவரைக் கண்டால் என் கணவர் எழுந்து நின்று, கையில் இருக்கும் பிரசாதத்தைக்கூட மறைத்துக்கொள்வார்.

வெளியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்திருந்தார். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தாளைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். அந்த மாதத்தில் ஒருமுறைகூட மனைவியோடு தனியாக இருந்ததில்லை, மரபை முழுமையாகக் கடைப்பிடித்தோம் என்று உங்கள் கணவர் சொல்கிறார். தமிழர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று மொழிபெயர்ப்பாளரையும் கேட்டேன்.

பெரியவர் சங்கடத்தோடு என்னிடம் தமிழில் சொன்னார். "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எங்கட பக்கம் ஆடிப்பிறப்பெண்டா கூழும் கொழுக்கட்டையும்தான். புருசன் பெண்சாதியைப் பிரிக்கிறதில்லை. இந்தியாவில அப்பிடிச் செய்யினம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன் எண்டுதான் சொன்னனான்."

அதிகாரி டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று என்னைக் கேட்டார். அவர் கேட்காமல் விட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. குழந்தை யாருடையது என்பதுதான் அது. காது சுட்டது. இத்தனை மாதம் ஸ்டிக்கரைக் காட்டினேன், சம்பளச் சீட்டைக் காட்டினேன், கல்யாணப் பத்திரிகையைக் காட்டினேன். இப்போது இதுவுமா என்று இருந்தது. ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன்மேல்தான் வந்தது.

"ஏனுங்க, என் மானம் போகுது. சொல்லித் தொலைங்க."

அவர் நிமிரவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பெரியவரிடம் பேசினார். "ஐயா, உங்க முன்னால வெச்சு எப்படிச் சொல்றதுன்னுதானுங்க அப்படிச் சொல்லிப்போட்டேன். ஞாயித்துக்கெழம, அவிய சர்ச்சுக்குப் போனப்பறம். கொழந்த என்னுதுங்க. அவ சொன்னதுதான் நெசமுங்க."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். உங்கள் முன்னால் வைத்து எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி அவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இங்கே ஏப்ரல் நல்ல மாதம். இலை உதிர்கிற காலம்" என்றார்.

வெளியே வந்ததும் பெரியவர் அவர் தோளைத் தட்டினார். "தம்பி, எனக்கு அஞ்சு பிள்ளையள்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அக்டோபரில் இரண்டு பாஸ்போர்ட்டும் தபாலில் வந்தன. அவருடையதிலும் ஸ்டிக்கர் இருந்தது. துள்ளிக் குதிக்க வேண்டும் என்று பல மாதம் யோசித்து வைத்திருந்தோம். அவர் டீ போட்டார், குடித்தோம், தூங்கிப்போனோம்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பி.ஆர். சேதியை முதலில் சொல்லி, சந்தோஷப்பட விட்டு, பிறகு மற்றதைச் சொன்னேன். எந்த மாசம் என்றாள். ஏப்ரல் கடைசி என்றேன். அவள் விரல் விட்டு எண்ணுகிறாள் என்று தெரிந்தது. குடிவரவு அலுவலகத்தை நம்பவைத்துவிடலாம். இவளிடம் என்ன ஆதாரத்தைக் காட்டுவது?

"சித்திரையா?"

"ஆமாம்மா."

"அங்க சித்திரைல வெயில் எப்படி?"

"வெயிலே இருக்காது. குளிரத் தொடங்கீரும்."

"அப்பறமென்ன" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையை ஜூலையில் சொல்லியிருந்தால் நான் கிளென்ஃபீல்டுக்குப் போயிருக்க மாட்டேன், அந்த அறையில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊர் மாறினால் மாசம் மாறிவிடுமா என்று கேட்டவள், பேரப்பிள்ளை என்றதும் அவளே மாற்றிவிட்டாள். கத்த வேண்டும் போல இருந்தது. அதற்கும் தெம்பில்லை.

"பேறுகாலத்துக்கு நான் வரோணுமே கண்ணு" என்றாள் அம்மா. "எனக்கு விசா வாங்கறதுக்கு நீ என்ன குடுக்கோணும்?"

மேஜையில் காலையில் வந்த பாஸ்போர்ட் உறை பிரித்தபடி கிடந்தது. "நான் பி.ஆர்.னு நிரூபிக்கோணும்மா" என்றேன்.