கண்ணாடியைக் கழற்றிய கை

1994 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் காலை ஆறரைக்குத் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு, மெஸ்ஸில் சுவரோர மேசையில் உட்கார்ந்தேன்.

அங்கே காபி ஊற்றுபவர் ஒல்லியானவர். மேசைக்கு எதிரே நின்று, ஒரு முழ உயரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் ஊற்றுவார். கண் ஆபரேஷனுக்குப் பின் அவர் போட்ட தடித்த கண்ணாடியில் எல்லாம் கிட்டத்தில் தெரிந்ததால், முதல் இரண்டு வாரம் காபி டம்ளருக்கு முன்னாலேயே, அவர் பக்கமாக விழுந்தது. "இன்னொரு தபா சிந்துனா வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி சொன்னதை நானே கேட்டேன். பிறகு கை பழகிவிட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்று கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊற்றினார். கொதிக்கும் காபி டம்ளரைத் தாண்டி என் இடது கையில் விழுந்தது. கையை உதறினேன். அவரோ தம் கையை, வேறு யாருடையதோ போல வெறித்தார்.

"தள்ளி ஊத்தக் கத்துக்கிச்சு சார் இந்தக் கை. கண்ணாடியக் கழட்டினது அதுக்குத் தெரியல."

"இன்னாய்யா அங்க?" என்றார் முதலாளி.

"நான்தான் டம்ளரைத் தட்டிட்டேன்," என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதே மேசைக்குப் போய், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காபி சொன்னேன்.