கொஞ்சம் நடக்க விடுங்கள்

சில மாதங்களாகக் கடை திறக்கும் நேரம் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, மன அழுத்தம்தான், தினமும் வேகமாக நடங்கள் என்றார் டொக்டர்.

உண்மையாகவே குறைந்தது. நடந்துவிட்டு வரும் நாட்களில் மட்டும்தான் என்னால் மனிதனாகக் கல்லாவில் இருக்க முடிகிறது.

ஆனால் நெல்லியடியில் ஹாட்வெயார் கடைக்காரன் சும்மா நடக்க முடியுமா? இன்று காலை தெரிந்த மேசன் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏறுங்கோ அண்ணை."

"இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்."

"வாகனத்தை வித்திட்டியளோ? யாவாரம் படுத்திட்டுதெண்டு சந்தையிலை கதைக்கினம்."

இந்தக் கதை பரவினால் எனக்குக் கடனுக்குச் சாமான் போட ஒருவரும் வரமாட்டார்கள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"நெஞ்சு படபடப்பு. டொக்டர்தான் நடக்கச் சொன்னவர்."

"நெஞ்சு வருத்தத்தோடை ஆரும் நடப்பினமோ? உங்களுக்கென்ன விசரே? ஏறுங்கோ."

எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஆசுப்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

நான் ஓட்டோ பிடித்துக் கடைக்குத் திரும்பிவிட்டேன்; மத்தியானம் எனக்கு நெஞ்சு வருத்தமென்று கேள்விப்பட்டு, நலம் விசாரிக்க ஆட்கள் அப்பிள் பையோடு கடைக்கு வந்தார்கள். நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

நடக்காவிட்டால் என்னால் கடை திறக்க முடியாது. நடந்தால் கடையே இருக்காது போலிருக்கிறது.

வடமராட்சியில் என்னை ஒருவருக்கும் தெரியாத வீதி இருந்தால் கீழே எழுதுங்கள். வாகனத்தில் வந்தாவது நடக்கிறேன்.