இடம் மாறியிருந்த துண்டு

அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களில் பலர் அவரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறீர்கள். அவரோடு பேசியவர்கள் குறைவு. ஆகவே அவருடைய ஒரே தம்பியாகிய நான் அவர் வாழ்ந்த வாழ்வை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தார். அகதியாக முன்னரே ஜேர்மனியின் எசன் நகருக்கு வந்துவிட்ட அப்பாவிடம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளையாக வந்து சேர்ந்தார். நான் இங்கே பிறந்தவன். வீட்டில் முதலில் டொச் மொழி படித்தவர் அவர்தான். அதனால் வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் பெற்றோருக்காகப் பேசும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விளையாடும் வயதில் அவர் அம்மாவின் நோய்களுக்கெல்லாம் டொச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

பின்னர் மரபணுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து அங்கேயே வேலைக்கு அமர்ந்தார். இரத்தத்திலுள்ள உயிர்க்கலங்களை வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்திச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் தெரியும் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, சோடி சோடியாக அடுக்கிப் பார்ப்பது அவருடைய வேலை. யாரோ ஒரு தாயின் கேள்விக்கு அங்கே பதில் கிடக்கும் என்பார்.

வுப்பர்டாலில் தாயாரோடு இருந்த அத்தானை மணந்து எசனிலேயே குடியிருந்தார். மூன்று முறை கரு உண்டாகி மூன்று முறையும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை படுத்திருந்துவிட்டு, மற்றவர்களின் நிறமூர்த்தங்களை அடுக்கத் திரும்பிப் போனார்.

அத்தானின் தம்பி தன் பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை வைத்த நாளில் நானும் இருந்தேன். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை சொரிய அக்கா தட்டத்தை எடுத்தார். அத்தானின் தாயார் அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

“பிள்ளை, நீர் கொஞ்சம் அங்கால நில்லும். பிள்ளை பெத்தவை செய்யட்டும்.”

அத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார், எடுப்பதை நிறுத்தவில்லை. அக்கா குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினார்.

அதன் பிறகு ஒருநாள் நானாகவே அவரிடம் காரணம் கேட்டேன். இருவரும் இரத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டதாகச் சொன்னார். ஒரு கலத்துக்குள் இருக்கும் டிஎன்ஏயை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் வருமாம். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் அது அடங்க வேண்டும். அதனால் நூற்கட்டையில் நூலைச் சுற்றுவதுபோல் புரதங்களைச் சுற்றி, அந்தச் சுற்றுகள் மீண்டும் மடிந்து இறுகி, நாற்பத்தாறு நிறமூர்த்தங்களாக ஒடுங்கியிருக்கிறது. அவர்கள் இருவரில் ஒருவருக்கு, ஒரு நிறமூர்த்தத்தின் துண்டும் இன்னொன்றின் துண்டும் இடம் மாறி ஒட்டியிருந்தன. எதுவும் குறையவில்லை, கூடவுமில்லை. அதனால் அந்த ஒருவருக்கு ஒரு நோயுமில்லை. ஆனால் பாதியைப் பிரித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது பல வேளைகளில் கணக்குத் தப்பிவிடுகிறது. அந்தக் கரு தங்குவதில்லை.

யாருக்கு என்று கேட்டேன்.

“ஆருக்கு எண்டு கேக்காதை. ரெண்டு பேரும் சேந்துதானே கலியாணம் கட்டினனாங்கள்.”

கொரோனா காலத்தில் திடீரென்று எல்லாருக்கும் அக்காவின் தொலைபேசி எண் ஞாபகம் வந்தது. சவர்க்காரம் போட்டால் வைரசு சாகுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சலிக்காமல் விளக்கினார். உள்ளே ஒரு மரபிழை, அதைப் பற்றியபடி புரதம், வெளியே மெல்லிய கொழுப்புறை. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துவிட்டால் அதற்கு மனிதக் கலத்துக்குள் நுழைய ஏலாது என்றார். கேட்டுவிட்டு நன்றாய்க் கையைக் கழுவினீர்கள். தொற்று அடங்கிய பின் நடந்த கொண்டாட்டங்களுக்கு அத்தானை மட்டும் அழைத்தீர்கள்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கடைசி மாதங்களில் அத்தான் வேலைக்கு விடுப்பு எடுத்து அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டிவிட்டார். அதை மறைப்பது நியாயமல்ல. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அத்தானும் நானும் அருகிலிருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது.

இறுதிக்கிரியை மண்டபத்தில், ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் இப்படி அநாதையாகப் போயிருக்கமாட்டாள் என்று ஒருவர் சொன்னார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அத்தான் என் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதார். இடம் மாறிய துண்டு தன்னுடைய நிறமூர்த்தத்தில்தான் இருந்தது என்றார். கருவை வெளியே உருவாக்கிச் சோதித்து, நல்லதைக் கருப்பையில் வைக்க வழியுண்டு என்று வைத்தியர் சொன்னபோதும், நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்தவர் அவர்தான். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். அக்கா கடைசி வரை சொல்லவில்லை.

அது அவருடைய குற்றமல்ல. பிறப்பிலேயே அப்படி அமைந்தது. அந்தப் பழியை அக்காவின் பெயரில் ஓட விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரையில் முதலில் “இருவருக்கும் பிள்ளைப்பேறு கிட்டவில்லை” என்று நாகரிகமாக எழுதியிருந்தேன். அத்தான் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“உப்பிடி எழுதாதையும். என்னாலை எண்டு எழுதும்.”

எழுதிவிட்டேன்.

அக்காவை இறுதிவரை வந்து பார்த்த அவருடைய ஆய்வுகூடத் தோழிகளுக்கும், நோய்த்தணிப்பு இல்லத் தாதியருக்கும், கேட்காமலே கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. மற்றவர்களுக்கு இந்த மலர்தான். அத்தானின் தாயாருக்குரிய பிரதியை அத்தான் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாராம். வுப்பர்டாலுக்கு ரயிலில் அரை மணித்தியாலம் போதும். அத்தானுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க அக்கா சாகவேண்டியிருந்தது.