வாறதுக்குப் பாஸ் எங்க?

போன வாரம் மைத்துனன் பென்னட்டைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டு விட்டேன். வாசலில் இறங்கியவன் கேட்டான்: "அத்தான், திரும்பிப் போறதுக்குப் பாஸ் எடுத்தியளா?"

காருக்குள் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் பறப்பதென்றால் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வழியனுப்பக் கிளம்புவது வழக்கம். ஆனால் 2020 ஆகஸ்டில் அவனைக் கொண்டுவிட நான் ஒருவன்தான் போனேன். அந்தக் கதைக்குத்தான் இந்தச் சிரிப்பு.

அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் மகளின் ஞானஸ்நானத்துக்காக வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்தான் பென்னட். மார்ச் 23-ல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ல் உள்நாட்டு விமானங்களும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தேங்காய்ப்பட்டணத்தில் ஐந்து மாதம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிக்கெட் இரண்டு முறை ரத்தானது. பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் — மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

விமானக் கம்பெனிகளும் அப்போது பிழைக்க வழி தேடிக்கொண்டிருந்தன. ஆள் உட்காரும் இருக்கைகளில் சரக்குப் பெட்டிகளைக் கட்டிவைத்துப் பறந்தார்கள். ஆள் ஏறினால்... ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுக் காகிதம்.

காகிதம் என்றால் என்னிடம் விடலாமே? நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கொரோனா சோதனைக்கு மூக்கில் குச்சி விட்டது எத்தனை மணிக்கு, அந்த முடிவு செல்லும் தொண்ணூற்றாறு மணி நேரம் எப்போது முடிகிறது, அந்த நாட்டு அனுமதி, கேரளத்துக்குள் நுழையப் பாஸ் — எங்களுக்குக் கிட்டத்து விமான நிலையம் அடுத்த மாநிலத்தில் அல்லவா? எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்கினேன்.

காலை ஆறே முக்காலுக்கு அவனை இறக்கிவிட்டோம். உள்ளே என்ன ஆகுமோ என்று நானும் டிரைவர் மணியனும் வெளியே காத்திருந்தோம். ஒன்பது இருபதுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம். நடு இருக்கைக்காரர்களுக்கு மட்டும் மேலே போர்த்த ஓர் அங்கி கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்புடன் பென்னட். கீழே குரல் பதிவு: "அத்தான், கையில ஒரு பைபிள் மட்டும் தந்தா பிரசங்கத்த ஆரம்பிச்சிரலாம்."

ஒரு தாள்கூடக் குறையவில்லை! எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருக்கும்.

அந்தக் கனத்தோடு மாநில எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு வந்தோம். காவலர் பாஸைப் பார்த்தார்.

"சார், இது போறதுக்கு உள்ளது. வாறதுக்கு எங்க?"

"நான் இந்த ஊர்க்காரன்தானே?"

"உங்க பேச்சக் கேட்டாலே தெரியுது சார். கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்லா?"

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். செல்போனில் விண்ணப்பித்தேன். சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. இடையில் எங்கள் மூக்கிலும் குச்சி விட்டார்கள்.

மணியன் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னார்: "பிளேன்ல போற ஆளுக்கு மணிக்கணக்கு வச்சுப் பாத்திய. கார்ல வாற நம்ம ரெண்டு பேரையும் மறந்துட்டியளே சார்."

உலகமே அப்போது போகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. கொண்டுவிடப் போனவன் வீடு திரும்ப வேண்டும் என்பது எந்த ஃபைலிலும் இல்லை. என் ஃபைலிலும்தான்.

மதியம் இரண்டரைக்கு செல்போன் அடித்தது. பாஸ் வந்த செய்தி என்று எடுத்தேன். பென்னட்.

"அத்தான், எறங்கியாச்சு. கம்பெனி வண்டி வந்து நிக்கி. வேலை போகல்ல." பிறகு கேட்டான்: "நீங்க எப்பம் வீடு போய்ச் சேந்திய?"

இருபதடி தள்ளி 'தமிழ்நாடு' பலகை தெரிந்தது.

"இன்னும் தமிழ்நாட்டுக்குள்ளயே விடல்ல மக்கா."

அன்றைய நாட்குறிப்பில் அவன் இறங்கிய நேரம் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. பாஸ் வந்து நான் வீடு சேர்ந்த நேரத்தை எழுத மட்டும் வெட்கம்; அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.