நத்தாருக்குச் சுடாதவன்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் கிறிஸ்தோப்பர் கதை கட்டுகிற ஆள் இல்லை. பரிஸ் நகரத்தின் லா சப்பலில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறவர், ஐம்பதை நெருங்குகிறார். பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் சிரித்துவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விடுவார். போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல் நாள்வரை அப்படித்தான் இருந்தார்.

இளவயதில் அவர் இயக்கத்தில் இருந்தவர். யாழ்ப்பாணத்து நாகர்கோவில் முன்னரங்கில், வெள்ளை மணலுக்குள் வெட்டிய பதுங்குகுழியில் காவல் நின்றவர். ஒரு நத்தார் அன்று, எதிரே ஆமிக்காரர்களின் பக்கத்திலிருந்து ஒரு குரல் கொச்சைத் தமிழில் கூப்பிட்டது. இன்றைக்குச் சுட வேண்டாம், கேக் இருக்கிறது, நடுவுக்கு வா என்றது. பொறியாக இருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனாலும் சாவதற்கு முன் ஒரு துண்டு கேக் தின்ன ஆசையாக இருந்தது. துவக்கை வைத்துவிட்டுப் போனார். தலை பறந்த பனையடியில் ஒரு சிங்கள இளைஞன் நின்றான். வயது இருபது இருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பெயர் பிரியந்த, ஊர் குளியாப்பிட்டி என்றான். கேக்கைப் பிட்டுக் கொடுத்தான். இவரும் தன் பெயரைச் சொல்லி, பனங்கட்டி கொடுத்தார். அன்று விடியும்வரை இரண்டு பக்கமும் ஒரு வெடிகூடத் தீரவில்லை.

மறுநாள் ஷெல் மழை பொழிந்தது. இவருடைய பக்கத்தில் பலர் போனார்கள். அந்தப் பக்கத்தில் யார் மிஞ்சினார்கள் என்பது இவருக்குத் தெரியாது.

போன நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம். முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கிறிஸ்தோப்பர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தனியாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

க்ரக்... க்ரக்...

மணலில் சப்பாத்து நடக்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால், இப்போதுதான் துடைத்த தரையில் வெள்ளை மணல் கிடந்தது. வாசலிலிருந்து கல்லாப்பெட்டி மேசைவரை கோடு போட்டதுபோல.

மேசைக்கு முன்னால் யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். பச்சை உடுப்பு. நனைந்திருந்தது. அவன் சிரித்தான்.

முன்பல் பாதி உடைந்திருந்தது. வயது... இன்னும் இருபதுதான்.

"தம்பி, தேத்தண்ணி இருக்கா?"

கை தானாக ஊற்றியது. கோப்பையை வைத்தார். எழும்பிக்கொண்டிருந்த ஆவி, அவன் தொட்டதும் நின்றுவிட்டது.

"இன்னிக்கு சுட மாட்டாங்கதானே?" என்று கேட்டான்.

"இல்லை... சண்டை எப்பவோ முடிஞ்சுது."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"முடிஞ்சுதா? யார் ஜெயிச்சது?"

அந்த முடிவில் அண்ணனையும் தங்கையையும் பறிகொடுத்தவர் கிறிஸ்தோப்பர். இந்த முகத்துக்கு என்னவென்று சொல்வது?

அவன் காத்திருந்தான்.

கண் இமைக்கவில்லை...

மேம்பாலத்தில் மெத்ரோ வந்தது. கட கட கட... விளக்கு ஒரு தரம் செத்து எரிந்தது.

கதிரையில் யாரும் இல்லை.

மணல் மட்டும் கிடந்தது.

வீட்டுக்குப் போய் மகள் அஜந்தாவிடம் சொன்னார். அவள் இங்கேயே பிறந்தவள். களைப்பு, அவ்வளவுதான் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். ஆனால் தகப்பனின் நடுக்கத்தைக் கண்டவளுக்கு மனம் கேட்கவில்லை. அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், செத்த திகதியாவது தெரிய வேண்டும் என்று அவர் கேட்க, பெயரையும் ஊரையும் போட்டு முகநூலில் தேடினாள்.

பிரியந்த சாகவில்லை.

ஒரு காலை இழந்து, குளியாப்பிட்டியில் சின்னக் கடை வைத்திருந்தான். தலை வழுக்கை. அதே உடைந்த பல். புதுவருடம் பிறந்தபின் வீடியோவில் அழைத்தார்கள். கிறிஸ்தோப்பரைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது.

"நீ... சாகல்லியா?"

"இல்லை. பரிசிலை இருக்கிறன்."

பிரியந்த சொன்னான். நத்தாருக்கு முதல் நாள் இரவு அவன் வீட்டு வாசலிலும் ஒருவன் வந்து நின்றானாம். இயக்கத்தின் வரிச்சீருடை, வயது இருபதுக்கு மேல் இராது. பெயர் கிறிஸ்தோப்பர் என்றானாம். செத்துப்போய்த்தான் தேடி வந்திருக்கிறான் என்று நினைத்து, பிரியந்த பன்சலையில், புத்தர் முன்னால், விளக்கும் கொளுத்தியிருந்தான்.

வந்தவன் எப்போது போனான் என்று கிறிஸ்தோப்பர் கேட்டார்.

பிரியந்த மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான். பிறகு ஃபோனை வாயருகே கொண்டுவந்தான்.

"அவன் இன்னும் போகல்ல," என்றான். "இங்கதான் நிக்குது."