ஹோர்ஸ் என்றால் குதிரை அல்ல

மெர்சி அக்காவைப் பார்த்துக் கனைத்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்கும். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. பிடிக்காதவர்கள் கனைத்திருந்தால் விட்டுவிடலாம். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களே கனைத்தார்கள்.

நடந்தது இந்த வருஷம், 1991-இல். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டோரம் இருக்கிற ஒரு ஹெல்மெட் கம்பெனியில். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜூன் மாதம் அங்கே பேக்கிங்கில் சேர்ந்தேன். மெர்சி அக்கா எங்கள் தெருக்காரர். வயது முப்பத்து நான்கு. புருஷன் லாரி கிளீனராகப் போய் வடக்கிலேயே தங்கிவிட்டார். ஒரு பெண் பிள்ளை, ஏழாவது படிக்கிறாள். அக்கா அந்தக் கம்பெனியில் தேய்ப்பு செக்‌ஷனில் வேலை செய்கிறார்.

தேய்ப்பு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து வரும் ஃபைபர் ஓடு ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தேய்த்தால் கண் இமை வரைக்கும் வெள்ளையாகப் பொடி படிந்துவிடும். குளித்தாலும் அரிப்பு போகாது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல். பொடியை வெளியே இழுக்கிற ஃபேன் ஒன்று கேட்டு வருஷக்கணக்காகிறது. பெண்கள் புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு தேய்க்கிறார்கள்.

அக்கா அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் சர்ச்சில் பாட்டெடுத்துக் கொடுப்பார். நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குரல் எங்கள் சமையலறை வரைக்கும் வரும். இப்போது அவர் பேசினால் காலி டின்னில் மணலைப் போட்டு ஆட்டுவதுபோல் இருக்கும். டாக்டர் சொல்லிவிட்டார்: தூசுப் பக்கம் போகாதே, போனால் இருக்கிற குரலும் போய்விடும். ஆனால் தூசுப் பக்கம் போகாமல் அவர் எங்கே போவது?

ஜூலையில் ஒரு வழி திறந்தது. டெலிபோன் போர்டில் உட்காரும் காந்திமதி பிரசவத்துக்குப் போனார். அவர் சாப்பிடப் போகும்போது போர்டைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் மெர்சி அக்காவையே உட்கார வைத்தார்கள். அக்கா பத்தாவது பாஸ். எந்த ஃபோன் யாருக்கு என்று இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் எங்கள் ஊர்ப் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் சொல்வதற்கு முன்னால், "அந்த ஊரா?" என்று ஆரம்பிப்பார்களாம். "ஆமா சார், அதே ஊர்தான். ஹெல்மெட் எத்தினி டஜன் வோணும்?" என்பாராம் அக்கா. தூசு இல்லாத அறையில் இருந்ததால் ராத்திரி இருமலும் குறைந்திருந்தது.

பிறகு காந்திமதியின் கணவருக்கு வேலூருக்கு மாற்றலாகிவிட்டது. அதனால் அவர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. அந்த இடத்தைத் தனக்கே கொடுக்கச் சொல்லி மெர்சி அக்கா பெர்சனல் ஆபீசரைக் கேட்டார். பார்க்கலாம் என்றார் ஆபீசர். சென்னை ஹெட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அக்காவைப் பேசச் சொல்லிக் கேட்டார். அக்கா வெளியே வந்த பிறகு அவர்கள் இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் டீ கொண்டுபோன பியூன் கண்ணப்பன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நேராக கேன்டீனுக்கு வந்தார்.

"மெர்சி, உனக்கு அந்த எடம் கெடையாதாம்" என்றார்.

"யார் சொன்னது?"

"என் காதால கேட்டேன். ஆபீசரு மூணு வார்த்தை சொன்னாரு. உன் வாய்ஸ் ஹோர்ஸாம். அப்பால ரூட்டாம். அப்பால ஏஜ்டாம்."

"ஹோர்ஸுன்னா குதிரைதானே?" என்றாள் பேக்கிங்கில் ஒருத்தி.

"ரூட்டுன்னா இன்னா? பஸ் ரூட்டா?"

"வயசான குதிரை ரூட்டு தெரியாம போர்டாண்ட வந்துட்ச்சு!" என்றான் மோல்டிங்கில் இருக்கிற டில்லிபாபு. அவன் ஒரு தரம் கனைத்துக் காட்ட, கேன்டீனே சிரித்தது. மெர்சி அக்காவும் சிரித்தார். ஆனால் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது.

மறுநாளே அவரைத் தேய்ப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். வரும்போதும் போகும்போதும் கனைப்பு.

ஹோர்ஸ் என்கிற வார்த்தை எனக்குத் தெரியும். எங்கள் இங்கிலீஷ் நோட்ஸில் குரலுக்கு, குணத்துக்கு, வயதுக்கு என்று மூன்று கட்டமாக வார்த்தைகள் இருந்தன. பரீட்சைக்குப் பொருத்துக என்று வரும் என்பதற்காக மனப்பாடம் செய்தோம். அந்த வார்த்தையை ஒரு மனிதர் இன்னொரு மனிதர் மேல் போட்டு நான் கேட்டதில்லை. அதனால்தான் ஞாபகம் வர நேரமாயிற்று. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னேன்.

"அக்கா, அது குதிரை இல்லக்கா. உச்சரிப்பு ஒண்ணு, ஸ்பெல்லிங் வேற."

"ஸ்பெல்லிங் மாறினா? டில்லி கனைக்கிறத நிறுத்திடுவானா?"

"கம்மிப்போன தொண்டைன்னு அர்த்தம். சளி புடிச்சா, ரொம்பக் கத்தினா, தூசு போனா வருமே, அந்தக் குரல்."

அக்கா நின்றுவிட்டார். "அப்ப நோவுன்னு சொல்லிக்கீறாரு."

"ஆமாக்கா."

"பொறவிலயே கட்டக் குரலா இருந்தா அதுக்கு வேற வார்த்தை கீதா?"

"இருக்கு. ஹஸ்கி. டீப். அதெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ரூட்டு?"

"மரியாதையில்லாம பேசறது."

அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நாள் யாரோ ஒருவர் ஃபோனில் முதலாளியைக் கேட்டிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். "பேர் சொல்லாம லைன் குடுக்கக் கூடாது சார்" என்றிருக்கிறார் அக்கா. போர்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் விதியே அதுதான். பேசியது முதலாளியின் மச்சானாம். அதே பதிலை ஹெட் ஆபீஸ்காரர் சொல்லியிருந்தால் ஸ்ட்ரிக்ட் என்றிருப்பார்கள். எங்கள் நோட்ஸின் குணக் கட்டத்தில் அது நல்ல வார்த்தை. வயதும் அப்படித்தான். ஆபீசருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். அவர் எக்ஸ்பீரியன்ஸ்டு. முப்பத்து நான்கு வயது மெர்சி அக்கா ஏஜ்டு. எந்த வயதில் எந்த வார்த்தை வரும் என்று எங்கள் நோட்ஸில் போடவில்லை. யாருடைய வயது என்பதைப் பொறுத்து வரும் போலிருக்கிறது.

மறுநாள் டீ நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனார். பின்னாலேயே தேய்ப்பிலிருந்து செங்கமலமும் பாப்பம்மாளும் கங்கம்மாளும் வந்தார்கள். தலையெல்லாம் வெள்ளைப் பொடி.

"என்னம்மா இது, கூட்டமா?" என்றார் ஆபீசர்.

"என் கொரல் ஹோர்ஸுன்னு சொன்னீங்களாமே சார்."

"யார் சொன்னது உனக்கு?"

கண்ணப்பன் கதவோரம் நின்றிருந்தார். அவர் முகம் சுருங்கியது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊரே கனைக்குது சார். யாருன்னு சொல்றது?"

"குரல் சரியில்லைன்னா சரியில்லைதான். ஃபோன்ல பேசறவங்களுக்குக் கேக்க நல்லா இருக்க வேணாமா?"

"வோணும் சார். நான் இல்லேன்னு சொல்லல." அக்கா பின்னால் திரும்பினார். "செங்கமலம், சாருக்கு உன் பேரச் சொல்லு."

"செங்கமலம்."

"பாப்பம்மா, நீ."

"பாப்பம்மா சார்."

கங்கம்மாளும் தன் பெயரைச் சொன்னார். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. அந்த அறையில் நின்று கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு பேருக்கும் ஒரே குரல். கண்ணை மூடிக்கொண்டால் ஒரே ஆள் நான்கு தடவை பேசியதாகத்தான் தோன்றும்.

"எங்கம்மா வேற, அவங்கம்மா வேற சார்" என்றார் மெர்சி அக்கா. "நாலு பேருக்கும் எப்டி ஒரே கொரலு வந்துச்சு? நீங்க சொன்ன வார்த்தைக்கு நோவுன்னுதான் அர்த்தமாம். நோவு குட்த்தது உங்க ரூம்பு. அந்த நோவக் காட்டி என்னை மறுபடி அந்த ரூம்புக்கே அனுப்பறீங்களே, இது இன்னா நாயம்?"

ஆபீசர் எழுந்தார். "திஸ் இஸ் அரகன்ஸ். யூ ஆர் அரகன்ட். கெட் அவுட்!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "சசி, அதுக்கு இன்னாடி அர்த்தம்?"

வேலை போனால் போகட்டும் என்று சொன்னேன். "திமிர்."

"அதக் கரீட்டாத்தான் சொல்லிக்கீறாரு" என்றார் பாப்பம்மாள். கதவோரம் கண்ணப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டீ நேரம் முடிந்தும் அவர்கள் தேய்ப்புக்குப் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் பேக்கிங்குக்கு ஓடு வருவது நின்றுபோனது. மூன்று மணிக்கு ஃபோர்மேன் வந்து, ஃபேன் போடச் சொல்லிவிட்டார்கள், எழுந்திருங்கள் என்றார். அன்றைக்குப் பிறகு கனைப்பும் நின்றது. டில்லிபாபு அக்காவிடம் வந்து, "எங்க மோல்டிங்குலயும் ரெசின் நாத்தம் கொடலப் புடுங்குது, எங்களுக்கும் கேட்டுக் குடுக்கா" என்றான். "நீ போயிக் கனைச்சுக் கேளு" என்றார் அக்கா.

போர்டு அவருக்குக் கிடைக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவள் தேய்ப்பில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். அக்கா மறுபடி கேட்டார். வயது கடந்துவிட்டது என்று இந்தத் தடவை தமிழிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஃபேன் தீபாவளிக்கு அப்புறம் வந்தது. இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கி, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். உள்ளே இருக்கிற பொடியில் பாதியைத்தான் அது இழுக்கிறது. இழுத்ததை ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகள் மேல் கொட்டுகிறது. அங்கேதான் ஆபீசரின் புது ஸ்கூட்டரும் நிற்கும். முதல் நாள் சாயங்காலம் அது மாவில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. அந்த வாரமே வெல்டர் வந்து ஸ்கூட்டருக்கு மட்டும் தகரத்தில் ஒரு கூண்டு அடித்துக் கொடுத்தார். வருஷக்கணக்காகக் கேட்டவர்களுக்கு இல்லாத அவசரம்.

மெர்சி அக்கா இப்போதும் தேய்ப்பில்தான் இருக்கிறார். தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு, ஃபேனுக்குப் பக்கத்து இடத்தைக் கங்கம்மாளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு. ஷிப்ட் முடிந்து அந்தக் கூண்டைத் தாண்டும்போது செங்கமலம் கேட்டார், "இன்னாத்துக்குடி இதுக்கு வூடு கட்டிக்கீறாங்க?"

"ஸ்கூட்டருக்குத் தொண்ட கட்டிக்கும்ல, அதான்" என்றார் மெர்சி அக்கா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை இருமல் வந்தது.