கேப்டவுன் மலை உச்சியில் ஒரு வெள்ளிக்கிழமை

"பார்க்க நினைக்கிறதை எல்லாம் இந்த வருஷத்துக்குள்ள பார்த்துடுங்க" என்றார் கண் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரை தேய்ந்துகொண்டு வருகிறது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில், எதைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். காசி என்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூட நாளில் காலண்டரில் பார்த்த, உச்சி மேசைபோலத் தட்டையாக இருக்கும் கேப்டவுன் மலை என்றார்.

போன நவம்பரில் கிளம்பினோம். ஹைதராபாத்திலிருந்து ஒரு இடத்தில் விமானம் மாறி, காத்திருப்பும் சேர்த்துப் பத்தொன்பது மணி நேரம். கடலைப் பார்த்த அறை ஒரு இரவுக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய். உள்பக்க அறை எட்டாயிரம் குறைவு. காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசி நிற்கிறவள் நான். இதில் மட்டும் யோசிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. மலைமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. கேபிள் கார் நிலையத்தில் இறங்கும்போது மணி பத்தரை. நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார், "ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு. பன்னெண்டுக்கு மேல ஏறலாம்."

முப்பது வருஷமாக இதற்காகவே என்னைக் கிண்டல் செய்தவர்.

"நீங்களா சொல்றீங்க?"

"கண்ணு விஷயம், சாரதா. உன் சாமியோட இப்ப சண்டை நக்கோ, வேணாம்."

எதற்குக் காத்திருக்கிறோம் என்று எங்களைக் காரில் கூட்டிவந்த டிரைவர் இஸ்மாயிலுக்கு என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் ஜும்மா தொழுகைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு வர்றேன். ஆனா காத்து தென்கிழக்குல இருந்து கிளம்புது, அம்மா. அது மேகத்தைக் கொண்டுவரும்" என்றார்.

பன்னிரண்டு அடித்ததும் ஏறினோம். மேலே போக ஐந்தே நிமிடம். பாதி வழியில் ஊரும் கடலும் விரிந்தன. இவர் நெற்றியைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். உச்சியில் கதவு திறந்தபோது மேகம் எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. இரண்டு முழம் தள்ளியிருந்த தடுப்புக் கம்பிகூடத் தெரியவில்லை.

"உனக்கு ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலைங்க."

"எனக்கும்தான்." கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "இருட்டா இருக்கும்னு தினமும் பயந்துட்டிருந்தேன். இப்படி வெள்ளையாவும் இருக்கலாம் போல."

ஒரு மணி நேரம் நின்றோம். விலகவில்லை. அடுத்த இரண்டு நாளும் காற்று பலம்; கேபிள் கார் ஓடவில்லை. திரும்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வானம் தெளிவாக இருக்கிற முதல் காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், மற்ற இடங்கள் காத்திருக்கும். ராகுகாலம் பார்ப்பவர்கள், வெள்ளிக்கிழமையானால், எட்டு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் வேண்டும்.

உச்சியில் எடுத்த படங்கள் எல்லாம் வெறும் வெள்ளை. போன வாரம் போனில் இடம் போதாமல் அழிக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.